காலிக் கிண்ணத்தை நம்பி ஏமாந்தோம்

எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள். லட்டுக்கு ஐந்து வயது. உணவுப் பொட்டலம் சரசரத்தாலே போதும், படுக்கையறையிலிருந்து பாய்ந்து வருவான். மல்லிக்கு இரண்டு வயது. நாலு வாய் சாப்பிடுவாள், சன்னலருகே போய்ப் படுப்பாள், அரைமணி நேரம் கழித்து மறுபடியும் வருவாள்.

மல்லியைத் தத்தெடுத்த நாள் முதல் இரண்டு கிண்ணங்களை அருகருகே வைத்து, காலையும் மாலையும் நிரப்பி வந்தோம். எப்போது பார்த்தாலும் இரண்டும் காலியாகவே இருக்கும். “ரெண்டும் நல்லா சாப்பிடுதுங்க,” என்று அம்மாவுக்கு ஒரே மகிழ்ச்சி.

ஆறு மாதம் கழித்து, நுண்சில்லு பொருத்துவதற்காக இரண்டையும் மருந்தகத்திற்குக் கொண்டுசென்றோம். வீவக வீடுகளில் பூனை வளர்க்க 2024 செப்டம்பர் 1 முதல் அனுமதி உண்டு. ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். ஆனால் நுண்சில்லும் உரிமமும் கட்டாயம். ஏற்கெனவே பூனை வளர்ப்போருக்கு 2026 ஆகஸ்ட் 31 வரை அவகாசம் தரப்பட்டது. அந்த வேலையை முடிக்கத்தான் போனோம்.

எடைபார்க்கும் கருவியில் மல்லியை வைத்தார் மருத்துவர். மூன்று கிலோ. எங்களிடம் வந்தபோது அவள் 3.6 கிலோ. லட்டுவோ 5.2 கிலோவிலிருந்து 6.3 கிலோவாகியிருந்தான்.

“இவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?” என்று மருத்துவர் கேட்டார்.

“தினமும் கிண்ணம் காலியாகிடுதே, டாக்டர்,” என்றார் அம்மா.

“காலி செய்தது யார்?”

எங்கள் இருவருக்கும் பதில் தெரியவில்லை. இரத்தப் பரிசோதனையில் மல்லிக்கு நோய் எதுவும் இல்லை என்று தெரிந்தது. அவள் இளைத்ததற்குக் காரணம் பசி. எங்கள் கண்ணெதிரிலேயே ஆறு மாதமாக ஒரு பூனை அரைப்பட்டினி கிடந்திருக்கிறது.

சண்டையே இல்லாத சண்டை

லட்டு மல்லியை அடித்ததில்லை, சீறியதும் இல்லை. அதனால்தான் எங்களுக்குச் சந்தேகம் வரவில்லை. அவன் தன் கிண்ணத்தை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு அவள் கிண்ணத்தருகே போய் நிற்பான். அவள் சத்தமில்லாமல் விலகிவிடுவாள்.

இதற்கான காரணத்தை மருத்துவர் விளக்கினார். பூனைகள் எலி, பல்லி போன்ற சிறு இரைகளைத் தனியாக வேட்டையாடி, தனியாகவே உண்ணும் இயல்புடையவை. அதனால் ஒரு நாளில் பல முறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவது அவற்றுக்கு இயற்கை. மல்லி செய்தது அதைத்தான். லட்டு குட்டியாக இருந்தபோது புளோக்கின் கீழ்த்தளத்தில் மற்றப் பூனைகளோடு போட்டிபோட்டு வளர்ந்தவன். கிடைத்ததை உடனே விழுங்காவிட்டால் அடுத்த வேளை நிச்சயமில்லை என்பது அவன் பழகிய பாடம். பக்கத்துப் பக்கத்தில் கிண்ணம் வைப்பது நமக்கு ஒற்றுமையாகத் தெரியலாம். பூனைக்கு அது நெருக்கடி.

லட்டுவை ஒரேயடியாகப் பட்டினி போடவும் கூடாது. பருமனான பூனை சில நாள்கள் சாப்பிடாமல் இருந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வாரத்திற்கு அதிகபட்சம் ஒரு விழுக்காடு எடை குறைந்தால் போதும் என்றார் மருத்துவர். லட்டுவின் கணக்கில் அது ஏறக்குறைய 60 கிராம்.

தம்ளர் கணக்கு, தராசுக் கணக்கு

அதுவரை ஒரு பழைய தேநீர்த் தம்ளரால்தான் உணவை அளந்தோம். தம்பி அள்ளியதை அம்மாவின் சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன். 62 கிராம். அப்பா அள்ளியது 45 கிராம். 10 கிராம் உலர் உணவில் ஏறத்தாழ 35 முதல் 40 கலோரி இருக்கும். நாலு கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்கே சுமார் 200 கலோரி போதும். அன்றோடு தம்ளருக்கு ஓய்வு கொடுத்தோம்.

அடுத்து இடத்தைப் பிரித்தோம். லட்டுவுக்குச் சமையலறை. மல்லிக்கு என் அறை, கதவைச் சாத்தி அரைமணி நேரம். லட்டுவுக்கு உள்ளே மேடு பள்ளம் கொண்ட கிண்ணம் வாங்கினோம். அதில் விழுங்க முடியாது, ஒவ்வொன்றாகத்தான் எடுக்க வேண்டும். மல்லிக்கு முக்கால் பங்குக்கு மேல் நீர் உள்ள ஈர உணவை லேசாகச் சூடாக்கி வைத்தோம். மணம் எழுந்தால் அவளுக்குப் பசி வரும். புதிய உணவைப் பழைய உணவோடு கலந்து, பத்து நாளில் மெல்ல மாற்றினோம். மிச்சத்தை உடனே எடுத்துவிடுவோம். நம் ஊர் வெயிலுக்கு அது தாங்காது. எறும்பு வராமலிருக்கத் தட்டில் நீர் ஊற்றி அதன்மேல் கிண்ணத்தை வைப்பது பாட்டியின் யோசனை.

நுண்சில்லைப் படித்து, உரிய பூனைக்கு மட்டும் மூடி திறக்கும் கிண்ணமும் விற்பனையில் உண்டு. என் பகுதிநேர வேலைச் சம்பளத்துக்கு அது கட்டுப்படியாகவில்லை. கதவைச் சாத்தக் காசு தேவையில்லை.

பதினொரு மணி மர்மம்

ஐந்து வாரத்தில் மல்லி தேறினாள். லட்டு மட்டும் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. ஒருநாள் விரிவுரை ரத்தானதால் சீக்கிரம் வீடு திரும்பினேன். மணி பதினொன்று. பாட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் காலடியில் லட்டு. அவன் முன்னால் ஒரு மீன் தலை.

“பாட்டி, குழம்பு மீனா? வெங்காயம், பூண்டு பூனைக்கு விஷம்!” என்று கத்திவிட்டேன்.

“அது எனக்குத் தெரியாதா? தனியா அவிச்சதும்மா,” என்றார். பிறகு தாழ்ந்த குரலில், “ஒரு ஜீவன் வாயைப் பார்த்துக்கிட்டு நிக்கும்போது நான் மட்டும் எப்படிச் சாப்பிடுறது? இந்த நேரத்துல அவன் ஒருத்தன்தானே வீட்ல இருக்கான்,” என்றார்.

எனக்கு மேற்கொண்டு பேச்சு வரவில்லை. நாங்கள் நால்வரும் காலையிலேயே கிளம்பிவிடுவோம். பாட்டி தினமும் தனியாகத்தான் சாப்பிடுகிறார் என்பதை நான் அதுவரை யோசித்ததே இல்லை.

மறுநாள் முதல் லட்டுவின் அன்றாட அளவிலிருந்து 12 கிராமைப் பிரித்து ஒரு சின்ன டப்பாவில் போட்டுப் பாட்டியிடம் கொடுத்தேன். அவர் சாப்பிடும்போது அதிலிருந்து கொடுப்பார். கணக்கும் மீறாது, லட்டுவும் ஏமாறமாட்டான். மல்லியின் நண்பகல் உணவையும் பாட்டியே ஏற்றுக்கொண்டார். பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருந்தால் மல்லி கூடுதலாகச் சாப்பிடுகிறாள் என்பதைக் கண்டுபிடித்ததும் அவர்தான்.

நான்கு மாதம் கழித்து மல்லி 3.5 கிலோ, லட்டு 5.8 கிலோ.

உங்கள் வீட்டிலும் ஒன்றுக்கு மேற்பட்ட பூனைகள் இருந்தால், கிண்ணத்தை வைத்தபின் பத்து நிமிடம் அங்கேயே நின்று யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடைபாருங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, அதிலிருந்து உங்கள் எடையைக் கழித்தால் போதும். ஒரு பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் தாமதிக்காமல் மருத்துவரை அழையுங்கள்.

இப்போது வாரத்தில் எனக்குக் காலை வகுப்பில்லாத இரண்டு நாள்களில், பதினொரு மணிக்கு நானும் பாட்டியோடு உட்கார்ந்துவிடுகிறேன். அன்று மீன் தலை எனக்கு.