ஹோட்டல் சாப்பாட்டுப் படம்: எடுத்தவருக்குச் சொந்தமா, காசு கொடுத்தவருக்கா?

நெய்வேலி டவுன்ஷிப்பில் கல்யாண ஆல்பம் எடுக்கும் இளைஞர் ஒருவர், முகூர்த்தம் இல்லாத மாதத்தில் ஒரு ஹோட்டலுக்கு மெனு கார்டு படம் எடுத்துத் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 25 அயிட்டம், ஒரு நாள் வேலை. பேசிய பணமும் வந்துவிட்டது. ஆறு மாதம் கழித்து மந்தாரக்குப்பம் போகும் வழியில் பார்த்தால், அவர் எடுத்த நெய் ரோஸ்ட் பெரிய ஃபிளெக்ஸில் நிற்கிறது. ஸ்விக்கியிலும் அதே படம். கடலூர் கிளையிலும் அதே படம்.

“அண்ணே, மெனு கார்டுக்குன்னுதானே எடுத்தேன்?”

“அதான் காசு கொடுத்துட்டேனே தம்பி!”

சட்டம் யார் பக்கம்? பலர் நினைப்பதற்கு மாறாக, ஹோட்டல்காரர் பக்கம்தான் சாய்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

பதிப்புரிமைச் சட்டம், 1957-ன் பிரிவு 17(பி) இதைத்தான் பேசுகிறது. ஒருவர் கேட்டு, அதற்குப் பணமோ வேறு பலனோ கொடுத்து எடுக்க வைத்த புகைப்படத்துக்கு, அவரே முதல் உரிமையாளர். மாறாக ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே இது மாறும். ‘மெனு கார்டுக்கு மட்டும்’ என்று வாயால் பேசியதைச் சொல்லி வாதாடலாம். நிரூபிப்பதுதான் கஷ்டம்.

மாதச் சம்பளத்தில் இருப்பவர் வேலையின் பகுதியாக எடுத்த படம் நிறுவனத்துக்குச் சொந்தம். யாரும் கேட்காமல், தன் ஆசைக்கு எடுத்த படம் எடுத்தவருக்கே சொந்தம்.

ஏன் இப்படி?

இது பிரிட்டிஷ் காலத்து 1911 சட்டத்திலிருந்து வந்த வழக்கம். ஸ்டுடியோவுக்குப் போய் குடும்பப் படம் எடுத்துக்கொண்டால், அது குடும்பத்துக்குத்தானே சேர வேண்டும் என்ற கணக்கு. பிரிட்டன் 1988 சட்டத்தில் இதை மாற்றி, படம் எடுத்தவருக்கே உரிமை கொடுத்துவிட்டது. இந்தியாவில் பழைய விதியே தொடர்கிறது.

போட்டோகிராஃபருக்கு என்னதான் மிச்சம்?

பெயர். படத்தை எடுத்தவர்தான் சட்டப்படி அதன் ‘ஆசிரியர்’. உரிமை கைமாறினாலும், ‘இது நான் எடுத்தது’ என்று சொல்லும் உரிமையைப் பிரிவு 57 காக்கிறது. மதிப்புக் கெடும்படி படத்தைச் சிதைத்தாலும் கேள்வி கேட்கலாம்.

ஆனால் அதே நெய் ரோஸ்ட்டைத் தன் இன்ஸ்டாகிராமில் போட, கறாராகப் பார்த்தால், ஹோட்டலின் அனுமதி வேண்டும். வேறொரு ஹோட்டல் அந்தப் படத்தை நெட்டிலிருந்து எடுத்துப் போட்டால் அது குற்றம்; தெரிந்தே செய்தால் 3 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். அங்கும் பதிப்புரிமை வழக்குப் போடும் உரிமை, படத்துக்கு உரிமையாளரான முதல் ஹோட்டலுக்குத்தான்.

என்ன செய்யலாம்?

தோசை மொறுமொறுப்பு இழப்பதற்குள், காலைக் கூட்டம் வருமுன், ஜன்னல் வெளிச்சத்தில் மூன்றாவது தோசையை ஊற்றச் சொல்லி எடுக்கும் வேலை இது. அதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கிக் கொட்டேஷனில் நான்கு வரி சேர்த்தால் போதும்:

• பதிப்புரிமை யாருக்கு?

• எங்கெல்லாம் பயன்படுத்தலாம்: மெனு, ஆப், ஃபிளெக்ஸ், எத்தனை கிளை?

• எவ்வளவு காலம்? எழுத்தில் உரிமை கொடுக்கும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுக்க என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

• போட்டோகிராஃபர் தன் போர்ட்ஃபோலியோவில் போடலாமா?

இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட ஒரு பக்கம் இருந்தால் நல்லது. ஹோட்டலுக்கும் இதில் லாபம் உண்டு: ஃபிளெக்ஸுக்கும் சேர்த்து முதலிலேயே விலை பேசிவிடலாம். தம்பிக்கும் அண்ணனுக்கும் நடுவே முகம் சுளிக்க வேண்டியிருக்காது.