மும்பையின் ஆண் பாலியல் தொழிலாளர்கள்: சட்டம் யார் பக்கம்?

மும்பையின் சௌபாட்டி கடற்கரையில் பொழுது சாய்ந்ததும் எண்ணெய்ப் புட்டிகளோடு மாலிஷ்வாலாக்கள் வலம்வருவார்கள். தலைக்கும் காலுக்கும் எண்ணெய் தேய்த்துவிடுவது அவர்கள் பிழைப்பு. சிலருக்குப் பாலியல் தொழிலும் வருமானம். ரயில் நிலையம், பூங்கா என்று வாடிக்கையாளரைத் தேடியதுபோக, இன்று கைபேசிச் செயலிகள் வழியாகவும் தொழில் நடக்கிறது. மனைவி, பிள்ளைகள் உள்ளவர்களும் இவர்களில் உண்டு. பணம் வந்த வழி வீட்டுக்குத் தெரியாது. தெரிந்துவிடுமோ என்ற அச்சமே மிரட்டிப் பணம் பறிப்பவர்களுக்கு வசதி.

இந்தத் தொழில் குற்றமா?

வயது வந்தவர் தன் விருப்பத்தோடு செய்வது குற்றமில்லை. விடுதி நடத்துவது, தரகு பார்ப்பது, பொது இடத்தில் ஆள் அழைப்பது போன்றவைதான் குற்றம். இவற்றைத் தண்டிக்க 1956-இல் வந்த சட்டம் பெண்களையும் சிறுமியரையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. 1986 திருத்தத்தில் ஆண்களும் அதற்குள் வந்தார்கள். பொது இடத்தில் ஆள் அழைக்கும் ஆணுக்கு 7 நாள் முதல் 3 மாதம் வரை சிறை.

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவு தளர்த்தப்பட்டதால் என்ன மாறியது?

அந்தப் பிரிவின்படி ஆண்களுக்கிடையிலான உறவே குற்றமாக இருந்தவரை, அடிபட்டவர் புகார் கொடுத்தால் அவரே குற்றவாளியாக நிற்க நேரிடும். வயது வந்தோரின் விருப்ப உறவு குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின் அந்த நிலை மாறியது.

வன்முறைக்கு ஆளானால்?

இங்குதான் சட்டம் கைவிடுகிறது. பாலியல் தொழிலாளரைக் கண்ணியத்தோடு நடத்த வேண்டும், பாலியல் வன்முறைக்கு ஆளானால் உடனே மருத்துவ உதவி தர வேண்டும் என்று 2022 மே 19-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆனால், 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் வன்புணர்வுக்கு ஆளானவராகப் பெண் மட்டுமே ஏற்கப்படுகிறார். விருப்பமின்றி நடந்ததைத் தண்டிக்க 377-இல் எஞ்சியிருந்த வழியும் புதிய சட்டத்தில் இல்லை. வன்புணர்வுக்கு ஆளான ஆணால் காயம், அடைத்துவைப்பு போன்ற பிரிவுகளில்தான் வழக்குத் தொடுக்க முடியும்.

உடல்நலத்துக்கு யார் துணை?

மும்பையில் 1994-இல் தொடங்கிய ஹம்சஃபர் டிரஸ்ட், சென்னையில் 1998-இல் தொடங்கிய சகோதரன் போன்ற அமைப்புகள் ஆணுறை, பரிசோதனை, ஆலோசனை என்று உதவுகின்றன. நாட்டில் வயது வந்தோரிடையே எச்ஐவி தொற்று 0.22 சதவீதமாக இருந்த 2017-இல், ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களிடையே அது 2.69 சதவீதம். காவலருக்கு அஞ்சி ஒளிபவர் பரிசோதனைக்கும் வரமாட்டார்.

வன்புணர்வுச் சட்டம் ஆண்களையும் காக்கும்படி திருத்தப்பட வேண்டும். அதுவரை, 2022 ஆணை சொன்ன மருத்துவ உதவியை அரசு மருத்துவமனைகள் ஆண்களுக்கும் மறுக்காமல் தர வேண்டும்.