கரைவலை இழுப்பும் மீனின் கிரயமும்

கடலோரக் கிராமங்களில், ஆழ்கடல் செல்லாமல் கரையில் நின்றபடியே மீன் பிடிக்கும் முறைகள் பல உண்டு. அவற்றுள் மிகுதியான ஜனங்கள் ஒன்றுகூடிச் செய்வது கரைவலைத் தொழிலாகும். சோழமண்டலக் கரையிலும், மன்னார் வளைகுடாவை அடுத்த ஊர்களிலும் இது நெடுங்காலமாக வழங்கிவருகிறது. ஒருவர் தனித்துச் செய்ய இயலாத தொழில் இது. ஆகவே, கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் இதன் வரவு செலவை ஊன்றிக் கவனித்தல் நலம்.

கரைவலையின் நடுவில் பை போன்ற மடி ஒன்று இருக்கும். அதன் இருபுறமும் கைகள் எனப்படும் நீண்ட வலைப்பகுதிகளும், அவற்றின் நுனியில் நெடுங்கயிறுகளும் இணைக்கப்பட்டிருக்கும். மேல் விளிம்பில் மிதப்புகளும் கீழ் விளிம்பில் பாரமும் கட்டியிருப்பதால், வலை தண்ணீரில் சுவர்போல் நிமிர்ந்து நிற்கும். வலைக்கண்கள் மடியை நெருங்க நெருங்கச் சிறுத்துக்கொண்டே வரும். முன்காலத்தில் வலைகள் பருத்தி அல்லது சணல் நூலால் ஆனவை. உப்பு நீரில் இற்றுப்போகாதிருக்க அவற்றை மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்து வெயிலில் உலர்த்துவர். 1950-ம் வருஷத்துக்குப் பின் நைலான் வலைகள் பரவி, அந்த உழைப்பைக் குறைத்தன. ஆனால், வீட்டிலே பின்னப்பட்டு வந்த வலை, அதுமுதல் பெரும்பாலும் ரொக்கம் கொடுத்து வாங்கும் பொருளாயிற்று.

இழுப்பு நடக்கும் விதம் யாதெனில்: முதற் கயிற்றின் நுனியைக் கரையில் ஒரு சாராரிடம் விட்டுத் தோணி கடலுக்குள் செல்லும். தோணியிலிருப்போர் கயிற்றையும், ஒரு கையையும், மடியையும், மற்றொரு கையையும் முறையே நீரில் இறக்கியபடி அரைவட்டமாக வளைந்து வருவர். இரண்டாம் கயிற்றின் நுனியைச் சற்றுத் தூரத்துக்கு அப்பால் நிற்கும் மற்றொரு சாராரிடம் சேர்ப்பர். இரு சாராரும் ஒத்து இழுத்தல் வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணி மீன் தப்பிவிடும். கடலோர மக்கள் வெள்ளம் என்று கூறும் நீரோட்டம் வடக்கே ஓடுகிறதா, தெற்கே ஓடுகிறதா என்பதையும் பார்த்தே வலையிறக்கும் இடத்தை நிச்சயிப்பர். வலை கரையை அணுகும்போது இரு சாராரும் எதிரெதிராக நடந்து வந்து அதன் வாயைக் குறுக்குவர். இழுப்பு ஒன்றுபோல் அமைவதற்காகப் பாடும் பாட்டுக்கு அம்பா என்று பெயர். ஒரு வளைப்பு முடியச் சில மணி நேரம் செல்லும்.

வெயில் தெளிந்த பிற்பகலில் கரைக்குச் சென்று பார்ப்போர்க்கு ஒரு விஷயம் புலப்படும். பலர் கூடிப் பல மணி நேரம் பட்ட பாடு, மடி மணலுக்கு வந்த சில நிமிஷங்களில் ஒரு விலைப் பேச்சுக்குள் அடங்கிவிடுகிறது. சாளை, நெத்திலி, காரல் முதலிய சிறு மீன்கள் வெயிலில் வெகு விரைவில் கெடும். சுடுமணலில் கொட்டிய மீனை வைத்துக்கொண்டு விற்பவர் காத்திருக்க முடியாது என்பது வியாபாரிக்குத் தெரியும். ஆகவே, மீன் மிகுந்த நாளிலேயே விலை அதிகமாகச் சரிகிறது.

இதனினும் பெரிய இடர் முன்பணத்தால் வருவது. வலைக்கும் கயிற்றுக்கும் முன்பணம் தரும் வியாபாரி பலவிடங்களில் வட்டி கேட்பதில்லை. மீனைத் தமக்கே தரவேண்டும் என்று மட்டுமே கேட்பார். இதனை வட்டியில்லாக் கடன் என்று கருதுவோர் உண்டு. ஓர் உதாரணத்தால் உண்மை விளங்கும். முன்பணம் 50,000 ரூபாய் என்று கொள்க. ஏலத்தில் 10,000 ரூபாய் பெறக்கூடிய ஒரு நாளைய மீன், ஏலத்துக்கு வராமல் 9,000 ரூபாய்க்குப் போகிறது. நாளொன்றுக்கு நஷ்டம் 1,000 ரூபாய். 50 நாள் இழுப்பில் நஷ்டம் 50,000 ரூபாய். கடனுக்குச் சமமான தொகை கைவிட்டுப் போன பின்னும், ஏட்டில் 50,000 ரூபாய்க் கடன் அப்படியே நிற்கும். இந்நஷ்டம் வலைக்காரரோடு நிற்பதுமில்லை. வலைக்குரிய பங்கு போக மிச்சத்தை இழுத்தவர்கள் பகிர்ந்துகொள்ளும் ஊர்களில், ஒரு காசும் கடன் வாங்காத பங்காளிகளும் அக்கடனுக்கு மறைமுகமாக வட்டி கட்டுகின்றனர்.

சென்னை மாகாணத்தில் கூட்டுறவுக்கும் மீன்பிடித் தொழிலுக்கும் வழிகாட்டியவர் ஒருவரே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. ஸர் பிரெடரிக் நிக்கல்ஸன் 1895, 1897-ம் வருஷங்களில் வெளியிட்ட அறிக்கைகளில், ஜெர்மனி தேசத்து ரைபைஸன் முறையைப் பின்பற்றிக் கிராம நாணய சங்கங்கள் அமைக்குமாறு கூறினார். 1904-ல் கூட்டுறவு நாணய சங்கச் சட்டம் ஏற்பட்டது. 1907-ல் தொடங்கிய மாகாண மீன்பிடி இலாகாவுக்கும் அவரே தலைமை வகித்தார். பிற்காலத்தில், 1980-ல் திருவனந்தபுரத்தில் தோன்றிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பைச் சேர்ந்த கிராம சங்கங்கள், கரையிலேயே மீனை ஏலம்விட்டு, விற்ற பணத்திலிருந்து கடன் தவணைக்கும் சேமிப்புக்கும் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும் முறையைக் கைக்கொண்டன. மீன் வரும் நாளில் தவணை பெருகும். வராத நாளில் தொல்லையில்லை.

ஆகவே, கடலோரச் சங்கங்கள் செய்யத்தக்கவை நான்கு. முதலாவது, முன்பணக் கடனைச் சங்கக் கடனாக மாற்றி, மீனை விற்கும் சுதந்திரத்தை மீட்பது. இரண்டாவது, எல்லோரும் காணக் கரையில் ஏலம் நடத்தி, கிடைத்த தொகையை அன்றன்றே ஏட்டில் பதிவது. மூன்றாவது, வலை இறங்குமுன்பே ஐஸும் நிழலும் தயாராக வைப்பது. வெப்பப் பிரதேசங்களில் மீனின் எடைக்குச் சம எடை ஐஸ் வேண்டியிருக்கும். விற்காத நெத்திலியை மணலில் பரப்பாமல் பரண்மேல் உலர்த்தினால் மண் ஒட்டாது, கிரயமும் கூடும்.

நான்காவது, மடியின் கண்ணைப் பற்றியது. மிகச் சிறு கண்ணுள்ள மடியில், வளர்ந்தால் நல்ல விலை பெறக்கூடிய பாறை முதலிய மீன்களின் குஞ்சுகளும் சிக்கி, கருவாட்டுக் குப்பையோடு போகின்றன. இது வட்டியோடு முதலையும் உண்பதற்கு ஒப்பாகும். ஒருவர் மட்டும் கண்ணைப் பெரிதாக்கினால் அவருக்கே நஷ்டம். அவர் விட்ட குஞ்சை அடுத்த வலை வாரிவிடும். ஊரில் உள்ள எல்லா வலைக்காரரும் ஒரே நாளில் ஒப்புக்கொண்டால்தான் பயன் உண்டு. அத்தகைய உடன்பாட்டுக்குச் சங்கத்தின் மகாசபையே தக்க இடமாகும். அங்கே வலைக்காரர்களுடன் கயிறு இழுக்கும் பங்காளிகளுக்கும் அங்கத்தினர் உரிமையும் வோட்டும் இருத்தல் அவசியம்.