குளிருக்குப் பயந்து மூடிய சன்னல்

மழை ஓய்ந்ததும் நீலகிரியில் முதலில் நீர்ப்பனி இறங்கும், அதன் பின்னால் உறைபனி வரும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்குவதுண்டு. தலைகுந்தா, காந்தல் பக்கம் புல்வெளி உப்பைத் தூவியதுபோல வெளுத்துக் கிடக்கும். நம் மலைகளில் இந்தக் குளிர் நேரடியாக ஆளைக் கொல்வது அரிது. குளிரை விரட்ட நாம் செய்யும் ஏற்பாடுகளில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

புகையாத கரியும் நஞ்சுதான்

இரவு முற்றத்தில் பார்பிக்யூ போடுகிறார்கள். சாப்பிட்டு முடித்ததும், மிச்சத் தணலை வீணாக்குவானேன் என்று அடுப்போடு தூக்கி அறைக்குள் வைத்துவிட்டு, சன்னலைச் சாத்திப் படுக்கிறார்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன.

"கரிதான் புகையவே இல்லையே" என்பதுதான் பலரும் சொல்லும் சமாதானம். கனிந்து சிவந்த கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே மூளையும் இதயமும் ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கும். தூக்கத்தில் இருப்பவருக்கு அது தெரிய வழியே இல்லை. சாம்பல் பூத்த தணலும் மணிக்கணக்கில் இந்த வாயுவைக் கக்கும். படுக்கும் அறையிலோ கூடாரத்திலோ கரி அடுப்புக்கு இடமே கிடையாது. சன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்பதும் தப்புக் கணக்கு.

தலைவலியை அலட்சியம் செய்யாதீர்கள்

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கைகால் தளர்ச்சி, காரணமில்லாத தூக்கக் கலக்கம் ஆகியவைதான் முதல் அறிகுறிகள். மலை ஏறிவந்த அலுப்பு என்று நினைத்துப் படுத்துவிடுவது எளிது. ஒரே அறையில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் உடனே சந்தேகப்படுங்கள். கதவு, சன்னல்களைத் திறந்து எல்லோரும் வெளியே வாருங்கள், 108க்கு அழையுங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் நிறைந்த ரத்தமாகவே காட்டும். ரத்தத்தில் ஏறிய வாயு, வெறும் காற்றைச் சுவாசித்தால் பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகக் குறையும்.

குளியலறையில்

கேஸ் கீசரும் இதே வாயுவைத்தான் வெளியிடும். அதைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் பொருத்த வேண்டும். குளிர் உள்ளே வரக் கூடாது என்று குளியலறையின் காற்றுத் துளையில் துணியை அடைக்காதீர்கள். ஹீட்டர் ராடு போட்ட வாளியில் சூடு பார்க்கக் கை வைக்கும் முன் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.

வீட்டுப் பெரியவர்கள்

குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும். இதய நோயுள்ளவர்கள் விடியற்கால நடையை வெயில் ஏறிய பிறகு வைத்துக்கொள்வது நல்லது. நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கலாம். வெந்நீர்ப் பை சுட்டுக் கொப்புளம் வந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரியவரும். அவர்களுக்குக் காலுறையே போதும். மது குடித்தால் உடம்பு சூடாகும் என்பது மயக்கம். தோலுக்கு ரத்தம் பாய்வதால் வெதுவெதுப்பாகத் தோன்றும், உள்ளே உடல் சூட்டை இழந்துகொண்டிருக்கும்.

பனிமூட்டத்தில் மலைப்பாதை

மூடுபனியில் ஹெட்லைட்டை உயர்த்திப் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணிலேயே திரும்பி அடிக்கும். தாழ்த்தியே போடுங்கள். கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்தால் ஏசியை ஓடவிடுங்கள், தெளிந்துவிடும். 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி போன்ற பாதைகளில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள், ஏறிவரும் வண்டிக்கு வழி விடுங்கள். வழியில் நிறுத்தி ஓய்வெடுக்கும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டுத் தூங்காதீர்கள்.

மலைக்குப் போகும் பையில் இடம் குறைவாக இருந்தால் கரி மூட்டையை இறக்கிவிட்டு இன்னொரு கம்பளியைத் திணியுங்கள். தூங்கும் அறைக்குள் அதைத்தான் நம்பி எடுத்துப்போகலாம்.