இரு தோளும் தரை தொட்டால்

2022 ஆகஸ்ட் 5. இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரில் பொதுநலவாய விளையாட்டு விழாவின் மல்யுத்தப் போட்டிகள். பெண்களுக்கான 62 கிலோ இறுதியாட்டத்தின் முதற்பாதியில் இந்தியாவின் சாக்ஷி மாலிக் 0–4 என்று பின்தங்கியிருந்தார். இரண்டாம் பாதியில் கனடாவின் அனா கோடினெஸ் கொன்சாலெஸின் கால்களை வாரி, மல்லாத்தி, இரு தோள்களையும் தரையோடு அழுத்தினார். நடுவரின் கை மெத்தையில் ஓங்கி விழுந்தது. தங்கம் சாக்ஷிக்கு. அதே நாளில், அதே அரங்கில், 57 கிலோவில் நம் இலங்கையின் 18 வயது நெத்மி பொருதொட்டகே 10–0 என வென்று வெண்கலம் பெற்றார்.

நெத்மி வென்றது புள்ளியால். சாக்ஷி வென்றது எதிராளியை வீழ்த்தி. தோள்கள் தரையில் அழுந்திவிட்டால் அதுவரை சேர்த்த புள்ளிகளுக்கு வேலையில்லை. முன்னணியில் இருந்தவர் அந்தக் கணமே தோற்றவராகிறார். அதனால்தான் மல்யுத்த நடுவரின் தீர்ப்புகளில் ‘வீழ்ச்சி’ என்ற இந்தத் தீர்ப்புக்கே பொறுப்பு அதிகம்.

எப்படித் தீர்மானிக்கிறார்கள்?

சர்வதேசப் போட்டியில் மூவர் இருப்பார்கள்: மெத்தையில் நடுவர், ஓரத்தில் தீர்ப்பாளர், மேசையில் தலைவர். நடுவர் கண்டது மட்டும் போதாது. மற்ற இருவரில் ஒருவராவது ஒப்புக்கொண்ட பிறகே அவர் மெத்தையில் அடித்து விசில் ஊதுவார். இத்தனை விநாடி என்ற கணக்கு அங்கே இல்லை. எதிராளி முழுக்கப் பிடிக்குள் வந்துவிட்டார் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். மெத்தையின் விளிம்பில் என்றால், தோள்கள் செம்மஞ்சள் வளையத்துக்குள் இருக்க வேண்டும். தலை வெளிப்பகுதியைத் தொடக்கூடாது.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் விதி வேறு. இரு தோள்களின், அல்லது இரு தோள்பட்டை எலும்புகளின், ஏதேனுமொரு பகுதி முழுதாக 2 விநாடி தரையில் பிடித்து வைக்கப்பட வேண்டும். கல்லூரிக்கு வந்தால் 1 விநாடியே போதும். புரளும்போது முதுகு தரையை உரசிப்போவது வீழ்ச்சியாகாது. 2 விநாடி நிறையும் முன் நேரம் முடிந்துவிட்டாலும் ஆகாது.

அந்த 2 விநாடியைப் பார்க்க நடுவர் மெத்தையில் குப்புறப் படுத்துவிடுகிறார். கன்னம் தரையை ஒட்டியிருக்க, தோளுக்கும் மெத்தைக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கிறார். கீழே கிடக்கும் பிள்ளை கழுத்தை ஊன்றி, உடம்பைப் பாலம்போல் வளைத்து, ஒரு தோளை விரற்கடை அளவு தூக்குகிறது. எண்ணிக்கை அறுந்தது, மறுபடி முதலிலிருந்து. அவர் கண் தோளில் மட்டும் இருந்தால் போதாது. கழுத்து முறுகுகிறதா, மூச்சு அடைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பிடி ஆபத்தானால், யார் வெல்லும் நிலையில் இருந்தாலும் ஆட்டத்தை நிறுத்தியாக வேண்டும்.

நமக்கு என்ன பாடம்?

பள்ளிப் பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் அந்த ஒரு விநாடியை நான் பெரிதாக மதிக்கிறேன். விழுந்த பிள்ளை மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்ல இடமிருக்கக் கூடாது. விழாத பிள்ளையை விழுந்ததாகச் சொல்லி வீட்டுக்கு அனுப்பவும் கூடாது.

லுணுகலை, மடுல்சீமை, பசறைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளை ஒன்று வலயம் தாண்டி மாகாணப் போட்டிக்குப் போவதென்றால், துணைக்குப் போகும் தாயோ தகப்பனோ அன்றைய பேரை, அதாவது நாட்கூலியை, விட்டுக்கொடுக்க வேண்டும். அப்படிப் போன பிள்ளை, தான் எதனால் தோற்றோம் என்று தெரியாமல் திரும்பக் கூடாது. அதற்கு, பிடிகளைக் கற்றுக்கொடுக்கும்போதே தீர்ப்பையும் தமிழில் சொல்லிக்கொடுக்க வேண்டும். பயிற்சியில் இருவர் மோதும்போது மூன்றாவது பிள்ளையிடம் விசிலைக் கொடுத்து மெத்தையில் படுத்துப் பார்க்கச் சொல்லலாம். ஆசிரியர் பக்கத்தில் நின்று திருத்தலாம். இதற்குத் தனியாகப் பணம் தேவையில்லை. தோளை அப்படிப் பார்த்துப் பழகிய பிள்ளை நியாயமான தோல்வியை ஏற்கும். தவறான தீர்ப்பென்றால் பயிற்றுநரிடம் தெளிவாக எடுத்துச் சொல்லும். நாளைக்கு நம் தோட்டங்களிலிருந்து நல்ல நடுவர்களும் அப்படித்தான் வருவார்கள்.