தசை இழுப்பதைக் கணினி எப்படிச் சொல்கிறது?

நடப்பவரின் முழங்கால் எத்தனை பாகை மடிகிறது என்பதைக் கேமரா காட்டிவிடும். பாதம் தரையை எவ்வளவு விசையோடு அழுத்துகிறது என்பதைத் தரையில் பதித்த தட்டு சொல்லிவிடும். அந்த நொடியில் தொடைத் தசை ஒன்று எவ்வளவு இழுக்கிறது? கத்தி வைக்காமல் நேரடியாக அளப்பது அநேகமாக முடியாத காரியம். அதற்குத்தான் கணினி.

உடலசைவை ஆராய்பவர்களில் பலரும் கையாளும் மென்பொருள் ஓப்பன்சிம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்காட் டெல்ப் குழுவினர் உருவாக்கியது. 2007 முதல் இலவசம். நடையை ஆராய அதில் உள்ள ஒரு மாதிரியுடலில் 92 தசை இழுவைகள் உண்டு. ஒவ்வொன்றும் எந்த எலும்பில் தொடங்கி எதில் ஒட்டுகிறது என்பதெல்லாம் பதிவாகியிருக்கும். வேகமாகச் சுருங்கும் தசையால் பலமாக இழுக்க முடியாது என்ற விதியும் சேர்த்தி. தவளைத் தசையை வைத்து உடலியலாளர் ஏ.வி. ஹில் 1938-ல் கண்டது அது.

ஆளின் உடம்பில் ஒளி எதிரொளிக்கும் சிறு உருண்டைகளை ஒட்டி நடக்கவிடுவார்கள். பதிவான அசைவையும் தட்டு சொல்லும் விசையையும் வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் ஒவ்வொரு மூட்டிலும் வேண்டிய திருப்புவிசை கிடைத்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். ஒரே மூட்டை இழுக்கும் தசைகள் பல. கல்யாண வீட்டு அண்டாவை நாலு பேர் தூக்கிப் போனால் யார் எவ்வளவு பாரம் தாங்கினார் என்று பார்த்துச் சொல்ல முடியுமா? உடல் சிக்கனமாகவே உழைக்கும் என்று வைத்துக்கொண்டு, மொத்த உழைப்பு மிகக் குறையும் பங்கீட்டை மென்பொருள் தேர்ந்தெடுக்கிறது. வலிக்குப் பயந்து காலை விறைத்துக்கொண்டு நடப்பவரிடம் இந்தச் சிக்கனக் கணக்கு பொய்த்துப்போகலாம். அதனால் சரிபார்ப்பு வேண்டும். உணரிகள் பொருத்திய செயற்கை முழங்கால் வைத்துக்கொண்ட சில நோயாளிகள் அதற்குப் பெரிதும் உதவியிருக்கிறார்கள். உள்ளிருந்தே வரும் அளவோடு கணக்கை ஒப்பிடலாம் அல்லவா?

என்னைப் பொறுத்தவரை இதன் உண்மையான பயன் தெரிவது பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளிடம். சிலர் முழங்காலை மடித்தபடியே நடப்பார்கள். தொடையின் பின்தசை குட்டையாகிவிட்டது என்று கருதி, அறுவை செய்து அதை நீளமாக்குவது வழக்கம். ஓப்பன்சிம் வருவதற்கு முன்பே, 1996-ல் டெல்ப் குழு இதுபோன்ற ஒரு கணினி மாதிரியை வைத்து நீளத்தைக் கணக்கிட்டபோது, ஆராய்ந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தசை வழக்கமான நீளத்திலோ அதைவிட நீண்டோதான் இருந்தது. அந்தத் தசை இடுப்பு, முழங்கால் இரண்டையும் கடந்து செல்வது. முழங்கால் மடிவதால் குறையும் நீளத்தை இடுப்பு மடிவது ஈடுகட்டிவிடுகிறது. பக்கத்தில் நின்று கால் மடிப்பை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. எந்தக் குழந்தைக்கு அந்த அறுவை பலன் தரும், யாருக்கு வேண்டாம் என்று பிரித்துப் பார்க்க அந்தக் கணக்கு வழிகாட்டியது.