பத்மநாபபுரம் அரண்மனை: கட்டடப் பெயர்களும் மறைந்த பயன்பாடுகளும்

முன்னுரை

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்கு அருகில் அமைந்துள்ள பத்மநாபபுரம் அரண்மனை, திருவிதாங்கூர் அரசர்களின் உறைவிடமாக விளங்கியது. கேரள மரபில் அமைந்த இம்மர அரண்மனை, 1795-இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாற்றப்பட்ட பின்னர் அரச குடியிருப்பு என்னும் நிலையை இழந்தது. 1956-இல் இப்பகுதி தமிழ்நாட்டுடன் இணைந்தபோதும், அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே தொடர்கிறது. வளாகத்தில் தனி அருங்காட்சியகம் ஒன்று இருப்பினும், இங்குத் தலையாய காட்சிப்பொருள் கட்டடமே ஆகும்.

பெயரும் பயனும்

காட்சிப்பொருளாகிய கட்டடம் தன் பயன்பாட்டை இழக்கிறது. அப்பயன்பாட்டை இன்று உணர்த்துவன பெயர்களே. ஊட்டுப்புரை என்பது உணவு ஊட்டும் இல்லம். இரண்டு தளங்களில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் உண்ணத்தக்க அக்கூடம், அன்னதானம் அரச கடமையாக இருந்ததைக் காட்டுகிறது. 'புரை' என்பதற்கு வீடு என்னும் பொருள் தமிழிலும் உண்டு. தாய்க்கொட்டாரம் வளாகத்தின் பழமையான பகுதியாகும். தமிழ் அகராதிகளில் 'கொட்டாரம்' களஞ்சியத்தைக் குறிக்க, மலையாளத்தில் அரண்மனையைக் குறிக்கிறது. ஒரே சொல் இரு மொழிகளில் கொண்ட பொருள்வேறுபாட்டுக்கு இது சான்றாகும்.

உப்பரிகை மாளிகை

மார்த்தாண்ட வர்மர் எழுப்பிய நான்கு தள மாளிகை, தமிழில் மேல்மாடத்தைக் குறிக்கும் 'உப்பரிகை' என்னும் சொல்லோடு தொடர்புடைய பெயரைப் பெற்றுள்ளது. இதன் கீழ்த்தளத்தில் கருவூலமும், அதற்கு மேல் அரசரின் பள்ளியறையும் அமைந்தன. சுவரோவியங்கள் நிறைந்த மேல்தளம் இறைவனுக்கு உரியதாகக் கருதப்பட்டது. 1750-இல் நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்து, இறைவனின் அடியவராக ஆண்ட அரசரின் கோட்பாட்டை இவ்வடுக்கமைப்போடு ஒப்பிட்டு நோக்கலாம்.

தொடரும் வழக்கு

ஆண்டுதோறும் நவராத்திரியின்போது இங்குள்ள சரசுவதி திருமேனி திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாக எடுத்துச் செல்லப்படுகிறது. அப்போது உப்பரிகை மாளிகையில் உடைவாள் கைமாற்றப்படுகிறது. இரு மாநில அரசுகளின் சார்பாளர்களும் பங்கேற்கும் இந்நிகழ்வில், அருங்காட்சியகமாகிய கட்டடம் மீண்டும் தன் பழைய பணியை ஏற்கிறது.

முடிவுரை

மரம் பழுதுற்றால் அதனை ஒத்த வேறு மரத்தைப் பொருத்த இயலும். பயன்பாட்டின் நினைவு அழிந்தால் அதற்கு ஈடில்லை. ஊட்டுப்புரை என்னும் பெயர் 'உணவுக்கூடம்' என மாற்றி எழுதப்படின், அறையின் இடம் விளங்கும், அறம் விளங்காது. எனவே, மரபுப் பெயர்களை இரு மொழிப் பொருள்விளக்கத்துடன் பதிவு செய்வதும் பாதுகாப்புப் பணியின் ஒரு கூறாகக் கொள்ளப்படல் வேண்டும்.